“இந்த வயசுக்கு மேல என்ன அலர்ஜி?”

“அம்பது வருஷமா இறால் சாப்பிடறேன். எனக்குப் போய் அலர்ஜியா?” என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. உதடு தடித்து, உள்ளங்கை அரித்து, தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கும்போதும் இதையேதான் கேட்பார்கள். வீட்டார் உடனே ஒத்து ஊதுவார்கள்: “சூடு பிடிச்சிருக்கும்”, “காணாக்கடியா இருக்கும், மிளகு கடிச்சுக்கோங்க.” மருந்துக் கடைக்காரர் ஒரு செட்ரிசின் கொடுத்து அனுப்புவார். மருத்துவரும் சில நேரம் வயதைப் பார்த்துவிட்டு ஒவ்வாமை என்ற பேச்சையே எடுப்பதில்லை. அறுபதைக் கடந்தவருக்கு மூச்சு வாங்கினால் இதயம், தடிப்பு வந்தால் சர்க்கரை, மயக்கம் வந்தால் பிரஷர் என்று காரணம் தயாராக இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு மூன்று கால்கள். ஒவ்வாமை என்பது குழந்தைப் பருவத்துச் சங்கதி. பெரியவர்களுக்குப் புதிதாக வராது. இரண்டாவது, பழகிய பொருள் பகையாகாது. மூன்றாவது, வயதாக ஆக எதிர்ப்பு சக்தி தளர்வதால் ஒவ்வாமையும் தானாகத் தணியும். கேட்க மூன்றும் நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையால் விளையும் கேடுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிது.

‘பழகிய பொருள் பகையாகாது’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வாமையின் அடிப்படையையே தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வந்த வாதம் இது. முன்பின் சந்திக்காத பொருளுக்கு ஒவ்வாமை வருவதில்லை. உடல் ஒரு பொருளைச் சந்தித்து, அதைப் பகையென்று தவறாகக் குறித்துவைத்து, அதற்கென்று ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்கி, அதை மாஸ்ட் செல்களின் மேல் பொருத்திவைத்த பிறகுதான் அடுத்த சந்திப்பில் ஹிஸ்டமின் கொட்டுகிறது. அந்தக் குறித்துவைப்பு முதல் சந்திப்பிலும் நேரலாம், ஆயிரமாவது சந்திப்பிலும் நேரலாம். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது கடந்த காலத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. நாளைக்கு அது உத்தரவாதம் தராது.

இது நூற்றாண்டுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டது. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆய்வுக் கப்பலில் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள் சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேவும். பிறகு பாரிசில் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கி நலமாக இருந்த நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவைக் கொடுத்ததும் நிமிடக் கணக்கில் செத்தது. பழகப் பழக நஞ்சு தாங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நேர்மாறானதைக் கண்டார்கள். அனபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமைத் தாக்குதல் மருத்துவ நூலுக்குள் வந்தது அப்படித்தான். அதற்காக 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல்முறை நன்றாக இருந்ததே என்ற சமாதானம் அந்த ஆய்வுக்கூடத்திலேயே முடிந்துபோன வாதம்.

நாய்க்கு நடந்ததை மனிதருக்குப் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே 2000-களில் ஒரு முகச் சோப்பு மிகப் பிரபலமாக விற்றது. அதில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைத் தினமும் முகத்தில் தேய்த்தவர்கள் பெரும்பாலும் வயது வந்த பெண்கள். பிறந்தது முதல் ரொட்டியும் உடோன் நூடுல்சும் தின்று வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. வாய் வழியாகப் போனபோது உணவு என்று ஏற்றுக்கொண்டதை, கண்ணிமை, மூக்கு, தோல் வழியாக நுழைந்தபோது உடல் பகை என்று குறித்துக்கொண்டது. அதன் பின் ரொட்டி தின்றுவிட்டு வேகமாக நடந்தாலே இமை வீங்கியது, சிலர் மயங்கி விழுந்தார்கள். 2011-இல் சோப்பைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆயுள் முழுக்கத் தின்ற உணவே நடுவயதில் பகையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

நம் ஊருக்கே வருவோம். சாலையோரம், தரிசு நிலம், வரப்பு என்று எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தைத் தெரியாத விவசாயி இல்லை. 1950-களின் நடுவில் புணே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய செடி அது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். அதனால் வரும் தோல் நோய் குழந்தைகளை அதிகம் தொடுவதில்லை. நாற்பது, ஐம்பது, அறுபது வயது ஆண்களைத்தான் குறிவைக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தோல் நோய்ப் பிரிவின் வரிசையில் அவர்களைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். மேல்சட்டையின் பொத்தான் திறந்திருக்கும் கழுத்துப் பகுதி, கண்ணிமை, காதுக்குப் பின்புறம், முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வரிவரியாக வெடித்திருக்கும். சொறிந்து சொறிந்து நகம் பளபளப்பேறிக் கிடக்கும். அந்தச் செடியின் நடுவிலேயே இருபது வருஷம் களை வெட்டியவர்கள் அவர்கள். அந்த இருபது வருஷமும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஆயிற்று. ஐஜிஇ-க்குப் பதிலாக டி செல்கள் நடத்தும் தாமத வகை ஒவ்வாமை இது. பழகியதாலேயே வந்தது என்ற அளவில் மட்டும் கதை ஒன்றுதான்.

கட்டட வேலையில் சிமென்ட் குழைக்கும் கைகளுக்கு வருவதும் இதே கதை. சிமென்டில் கலந்திருக்கும் குரோமியம் ஆண்டுக்கணக்கில் தோலில் இறங்கி ஒருநாள் கை முழுக்கப் புண்ணாக வெடிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமென்டில் அந்தக் குரோமியத்துக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தன. ஒரு தொழிலாளியின் உடல் பலவீனம் என்று அதை விட்டுவிட்டிருந்தால் அந்தச் சட்டம் பிறந்திருக்காது.

தலைச் சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் உயிர் பிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் ரசாயனம். பத்து, பதினைந்து வருஷம் மாதம் தவறாமல் மை பூசியவருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசி, திங்கள் இரவு நெற்றி எரிந்து, செவ்வாய் காலை இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிப்போகும். “வேற பிராண்டு மாத்தினீங்களா?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மாற்றியிருக்கத் தேவையே இல்லை. சாயப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிச் சோதிக்கச் சொல்லிப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? சென்ற மாதம் ஒத்துக்கொண்டது இந்த மாதம் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு யாராலும் பிணை நிற்க முடியாது என்பதால்தான்.

அடுத்தது, ‘ஒவ்வாமை குழந்தைகளின் நோய்’ என்ற வாதம். இது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வது கடினமில்லை. பால், முட்டை ஒவ்வாமை சிறு பிள்ளைகளிடம் அதிகம்; பெரும்பாலானோர் வளர வளர அதிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிய மேலைநாட்டுச் செய்திகளும் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றியே வருகின்றன. இதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வாமை என்றால் பிள்ளைகளோடு வந்து பிள்ளைகளோடு போவது என்று முடிவு கட்டிவிட்டோம். அமெரிக்காவில் 40,443 பெரியவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஏறக்குறைய 11 சதவீதம் பெரியவர்களுக்கு உணவு ஒவ்வாமை இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் உணவின் ஒவ்வாமையாவது 18 வயதுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. பட்டியலில் முதலிடம் இறால், நண்டு வகைக்கு.

இறால் ஏன் பெரியவர்களைத் தேடி வருகிறது என்பதற்கு ஒரு விளக்கம் நம் படுக்கையறையிலேயே இருக்கிறது. இறாலில் ஒவ்வாமை உண்டாக்கும் முக்கியப் புரதத்தின் பெயர் ட்ரோபோமயோசின். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள புரதம் பஞ்சு மெத்தையின் தூசிப் பூச்சியிலும் சமையலறைக் கரப்பானிலும் உண்டு. வருஷக்கணக்கில் அவற்றின் தூசியைச் சுவாசித்து அதற்கு எதிராகப் பழகிய உடல், ஒருநாள் இறாலையும் அதே பகையாக எண்ணித் தாக்கலாம். இறால் மாறவில்லை; தின்றவரின் உடல்தான் மாறியிருக்கிறது. இதே போல ஒரு விதமான உண்ணி கடித்த பிறகு, அதுவரை ஆடும் மாடும் தின்றவர்களுக்கு இறைச்சி ஒவ்வாமை வருவதை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, நள்ளிரவில் தாக்கும் ஒவ்வாமை அது. இராச் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வருவதற்கே பலருக்கு வருஷங்கள் ஆயின.

இனி மூன்றாவது வாதம். வயதோடு எதிர்ப்பு சக்தி தளர்வது உண்மை. ரத்தத்தில் ஐஜிஇ அளவு பொதுவாக வயதோடு குறைவதும் உண்மை. தூசி, மகரந்தத்தால் வரும் தும்மலும் மூக்கொழுகலும் பலருக்கு ஐம்பதுக்கு மேல் தணிந்துபோகின்றன. இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. இதிலிருந்து ‘முதியவருக்கு ஒவ்வாமை இல்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. முதுமையில் எதிர்ப்பு மண்டலம் ஒரே சீராகத் தளர்வதில்லை, ஒழுங்கு குலைகிறது. தேவையான இடத்தில் மந்தமாகவும் தேவையில்லாத இடத்தில் விடாத அழற்சியாகவும் செயல்படுகிறது. தோல் மெலிந்து வறண்டு, வெளிப் பொருள்களை உள்ளே விடுகிறது. ஊசிமுனைச் சோதனையில் முதியவர் தோல் எழுப்பும் தடிப்பும் சிறுத்துவிடுகிறது. தடிப்பு சிறிதாக இருக்கிறது என்பதற்காக ‘அலர்ஜி இல்லை’ என்று சீட்டு எழுதினால் தவறிழைத்தது சோதனையைப் படித்தவர்தான்.

இதற்கு மேல் நம் வீடுகளுக்கே உரிய சில காரணங்கள் சேர்கின்றன. காலையில் பல் துலக்கியவுடன் ‘கேஸ் மாத்திரை’ போடாத பெரியவர்கள் எத்தனை பேர்? ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த பான்டாப்பிரசோலை வருஷக்கணக்கில் விழுங்குகிறார்கள். வயிற்று அமிலம் செய்கிற வேலைகளில் ஒன்று, உணவுப் புரதத்தைச் சிதைத்து அடையாளம் தெரியாமல் ஆக்குவது. அமிலத்தை அடக்கினால் புரதம் முழுசாகக் குடலுக்குப் போய்ச் சேர வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்திரியாவில் மருந்துச் சீட்டுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அமிலம் குறைக்கும் மருந்து வாங்கியவர்களுக்கு அதன் பிறகு ஒவ்வாமை மருந்து தேவைப்படுவது ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. அறுபதைத் தாண்டியவர்களிடம் அது ஐந்து மடங்கு. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால், வயது ஏறினால் ஒவ்வாமை இறங்கும் என்று கண்ணை மூடிக்கொள்பவர்களுக்கு இந்த எண்ணே பதில்.

மூட்டு வலிக்கு விழுங்கும் டைக்ளோஃபினாக், இதயத்துக்கான ஆஸ்பிரின் இவையும் கூட்டுச் சேர்கின்றன. தனியாகத் தின்றால் பேசாமல் இருக்கும் உணவு, வலி மாத்திரையோடோ உடற்பயிற்சியோடோ சேரும்போது தாக்கலாம். சர்க்கரை என்று தெரிந்ததும் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, தின்று முடித்து நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கோதுமையும் நடையும் சேர்ந்தால் மட்டும் உடம்பெங்கும் தடிப்பெழுந்து மயக்கம் வரும் ஓர் ஒவ்வாமை உண்டு. அரிதுதான், ஆனால் பெரும்பாலும் பெரியவர்களுக்கே வருகிறது. நடக்காத நாளில் சப்பாத்தி ஒன்றும் செய்யாததால் யாரும் கோதுமையைச் சந்தேகிப்பதில்லை.

முதியவருக்கு ஒவ்வாமை வராது என்ற நம்பிக்கை தவறான தகவலோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை. வந்தால் அதிகம் சேதப்படுவதும் அவர்கள்தான் என்பதால்தான் இந்தக் கட்டுரை. பிரிட்டனில் 1992 முதல் 2012 வரையிலான அனபிலாக்சிஸ் சாவுகளை ஆராய்ந்தபோது, உணவால் செத்தவர்கள் பெரும்பாலும் இளவயதினர் என்றும், மருந்தாலும் பூச்சிக் கொட்டாலும் வரும் சாவு வயதோடு ஏறுகிறது என்றும் தெரிந்தது. அதிக ஊசி, அதிக ஆன்டிபயாடிக், அறுவைக்கு முன் மயக்க மருந்து, ஸ்கேனுக்கு முன் சாய ஊசி என எல்லாம் முதுமையில்தான் குவிகின்றன. ஏற்கெனவே அடைப்புள்ள ரத்தக்குழாயில் ஒவ்வாமையின் ஹிஸ்டமின் பாய்ந்தால் மாரடைப்பே வரலாம். கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ் 1991-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவருக்கு உயிர்காக்கும் அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். இவற்றையெல்லாம் ‘மூச்சு வாங்குது, வயசு ஆயிடுச்சு’ என்ற ஒரே வரியில் அடைக்கிறோம்.

‘இப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் பயமுறுத்துவீர்கள், நாளைக்கு ஒவ்வொரு அரிப்பையும் அலர்ஜி என்பார்கள்’ என்று எதிர்வாதம் வரும். அதிலும் நியாயம் இருக்கிறது. அதே அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 19 சதவீதம் பேர் தங்களுக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாக நம்பினார்கள். நம்பத்தக்க அறிகுறிகள் இருந்தது 11 சதவீதத்தினருக்குத்தான். கர்நாடகத்தில் 20 முதல் 54 வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மேல் ரத்தச் சோதனையில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பு தெரிந்தது; உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணித்தது 1.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆகவே நூறு பொருளுக்கு ஒரே ரத்தச் சோதனை என்று விளம்பரப்படுத்தி, கத்திரிக்காய், துவரை, பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் சிவப்புக் கோடிட்டுக் கையில் கொடுப்பதும் குற்றம்தான். ஏற்கெனவே புரதம் போதாமல் தசை கரையும் வயதில், அந்தத் தாளை நம்பி ரசம் சோற்றோடு காலம் தள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

முதியவரின் எல்லா அரிப்பும் ஒவ்வாமை இல்லை. வறண்ட தோல், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, சிரங்கு எதுவாகவும் இருக்கலாம். அறுபதுக்கு மேல் வரும் ஒரு கொப்புள நோய், கொப்புளம் எழுவதற்கு மாதங்கள் முன்பே வெறும் அரிப்பாகத்தான் தொடங்கும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையால் நாக்கும் உதடும் வீங்குவது ஒவ்வாமை போலவே தெரியும்; மாத்திரை தொடங்கி வருஷங்கள் கழித்தும் வரும்; அதற்கு அலர்ஜி மருந்து கேட்காது, மாத்திரையைத்தான் நிறுத்த வேண்டும். பனிக்கட்டியில்லாமல் கிடந்த சூரை மீனைத் தின்று முகம் சிவந்தால் அது கெட்ட மீனில் ஊறிய ஹிஸ்டமின். இவற்றைப் பிரித்தறியச் சொல்வதுதான் என் வாதமும். ‘வயசாயிடுச்சு, அலர்ஜி இல்லை’ என்பதும், ‘அரிக்குது, அலர்ஜிதான்’ என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். இரண்டிலும் நோயாளியின் கதையை யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை வந்தது ஆயுளுக்கும் நிற்கும் என்பதும் இதே சோம்பலில் பிறந்ததுதான். இருபது வயதில் பென்சிலின் ஊசிக்குத் தடித்ததென்று சொல்லி அறுபதிலும் அதை மறுக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பத்து ஆண்டில் அதை இழந்துவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்காமல், விலை கூடிய, பக்கவிளைவும் கூடிய வேறு மருந்தை அவர்களுக்கு ஏற்றுகிறோம். ஜப்பானிலும் சோப்பை நிறுத்திய பின் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கோதுமை மறுபடி ஒத்துக்கொண்டது. ஒவ்வாமை வரும், போகும், கூடும், குறையும். எந்த வயதிலும் அது முடிந்த கணக்கில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். பெரியவருக்குத் தடிப்போ வீக்கமோ வந்தால் அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் தின்றது, விழுங்கிய மாத்திரை, பூசியது, கடித்தது, செய்த வேலை என எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்தச் சோதனையைவிடவும் அது உதவும். அவில் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துப் பழக்காதீர்கள். அது போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் முதியவருக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுதல் எல்லாம் கொண்டுவரும் என்பதால் அவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. தடிப்போடு மூச்சுத் திணறலோ, குரல் மாற்றமோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர்களுக்கு: அனபிலாக்சிஸ் என்று தெரிந்தால் தொடைத் தசையில் அரை மில்லி அட்ரினலின் போடத் தயங்காதீர்கள். இதய நோயாளி என்பது அதை மறுக்கக் காரணமாகாது. போடாமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம். நோயாளியின் வயது சீட்டின் மேல் எழுத வேண்டிய ஒரு விவரம். நோய் இல்லையென்று சொல்ல அது சான்றாகாது.